வண்டி ஓய்ந்தது, புகை ஓய்ந்ததா?

2019-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் புகைமூட்டம் நம் நாட்டை மூடிக்கொண்டபோது எங்கள் தோட்டப் பள்ளியும் சில நாள் அடைத்துக் கிடந்தது. மீண்டும் திறந்த அன்று ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காட்டுக் கணக்கு நடத்த வேண்டிய முறை. பிள்ளைகளின் வாயில் காற்றைப் பற்றிய பேச்சே இருந்ததால் அதையே கணக்காக்கிவிட்டேன். ‘ஒரு நகரத்தில் ஒவ்வொரு காரும் வாரத்தின் ஐந்து வேலை நாள்களில் ஒரு நாள் ஓடக்கூடாது என்று சட்டம் வந்தால், நாள்தோறும் நூற்றுக்கு எத்தனை கார்கள் குறையும்? கார் விடும் புகை நூற்றுக்கு எத்தனை குறையும்?’ என்று பலகையில் எழுதினேன். இரண்டுக்கும் 20 என்று எல்லாரும் விடை எழுதினார்கள். நானும் சரி என்று குறியிட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து, “ஐயா, கார் ஓடாத நாளில் அவர்கள் வேலைக்கு எப்படிப் போவார்கள்?” என்று கேட்டாள். பஸ்ஸில் போவார்கள் என்று சொல்லி அவளை உட்காரவைத்துவிட்டேன்.

அது கற்பனைக் கணக்கன்று. மெக்சிக்கோ நாட்டின் தலைநகரில் 1989-ஆம் ஆண்டு அப்படியே ஒரு சட்டம் வந்தது. இன்றும் பல மாறுதல்களுடன் நடப்பில் இருக்கிறது. அதன் வரலாற்றைப் பின்னர் ஊன்றிப் படித்தபோது, நான் பலகையில் இட்ட குறிகளில் ஒன்று சில திங்களுக்கு மட்டுமே சரி என்பதும், மற்றொன்று முற்றிலும் பிழை என்பதும் தெரியவந்தன. அவ்வரலாற்றை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டிகளை நேரம் குறித்து நகரத்திற்குள் விடாமல் தடுப்பது புதிய வழக்கமன்று. யூலியஸ் சீசர் காலத்ததாகக் கருதப்படும் ஓர் உரோமச் சட்டம், தெற்கு இத்தாலியில் ஹெராக்ளியா என்னும் இடத்தில் கிடைத்த வெண்கலப் பட்டயத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கதிரவன் எழுந்தது முதல் பகலின் பத்தாம் நாழிகை வரை உரோம நகரத் தெருக்களில் பார வண்டிகள் ஓடக்கூடாது என்பது அதன் விதி. (இங்கே நாழிகை என்றது பகற்பொழுதைப் பன்னிரண்டாகப் பகுத்த உரோமர் கணக்கு, நம் 24 நிமிட நாழிகையன்று.) கோயில் கட்டுவதற்குக் கல் ஏற்றும் வண்டிக்கும், பொதுக் கட்டட வேலைக்கு வரும் வண்டிக்கும், திருவிழா வண்டிகளுக்கும் விலக்குண்டு. பகலில் தெரு சற்று ஓய்ந்தது உண்மையே. ஆனால் பார வண்டிகள் ஒழிந்து போகவில்லை, இரவுக்கு மாறின. நூறாண்டுக்கு மேல் கழிந்தபின் யூவெனல் என்னும் அங்கதப் புலவர், இரவு முழுதும் வண்டிச் சக்கரங்களின் ஓசையால் உரோமில் உறக்கமில்லை என்று குறைபட்டுக்கொண்டார். தடையை விதித்தவர் ஒரு கதவை அடைத்தார். வண்டிக்காரர் மற்றொரு கதவால் வந்தார். மெக்சிக்கோவின் கதையை வாசிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மலைகள் சூழ்ந்த கிண்ணம்

மெக்சிக்கோ நகரம் கடல்மட்டத்திற்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது. நம் கேமரன் மலையின் தானாராத்தா ஊரை நினைத்துக்கொண்டு, அதற்கும் மேலே ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் ஒரு மாநகரம் இருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். அஸ்டெக் மக்கள் 1325-ஆம் ஆண்டளவில் டெஸ்கொக்கோ ஏரியின் நடுவே ஒரு தீவில் தெனோச்தித்லான் என்னும் நகரை எழுப்பினர். 1521-இல் கோர்ட்டெஸ் தலைமையில் வந்த ஸ்பானியர் அதை வென்று, அதன் இடிபாடுகளின் மேலேயே தம் நகரைக் கட்டினர். வெள்ளத்திற்கு அஞ்சி ஏரியை வடியச் செய்தனர். நாளடைவில் ஏரி வறண்டது. வறண்ட ஏரிப்படுகையிலிருந்து கோடைக் காற்றில் புழுதி எழுந்து நகரத்தின் மேல் படிந்தது. ஆகவே அந்நகரத்தின் காற்றுக்குக் கேடு மோட்டார் வண்டியோடு மட்டும் தொடங்கவில்லை.

ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அப்பள்ளத்தாக்கின் காற்று தெளிவுக்குப் பெயர் பெற்றிருந்தது. போபோகாதேபெட்ல், இஸ்தாக்சிவாத்ல் என்னும் இரண்டு பனிமுடி மலைகளையும் நகரத் தெருவில் நின்றே காணலாம். கார்லோஸ் ஃபுவெண்டஸ் 1958-இல் வெளியிட்ட புதினத்தின் பெயரே அத்தெளிந்த காற்றைக் குறிப்பதுதான்; நகரத்தின் பிற்கால நிலையை அறிந்தவர்களுக்கு அப்பெயர் ஒரு கசப்பான நகைச்சுவையாகத் தோன்றும். 1950-இல் ஏறக்குறைய 30 இலட்சம் மக்கள் இருந்த நகரம், 1990-இல் சுற்றுப்புறங்களையும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மக்களைக் கொண்டதாயிற்று. மக்களோடு தொழிற்சாலைகளும், தொழிற்சாலைகளோடு மோட்டார் வண்டிகளும் பெருகின.

அந்த உயரம் இரண்டு வகையில் தீங்கு செய்தது. முதலாவது, அங்கே காற்று மெலிது. கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய முக்கால் பங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும். மனிதனுக்கு மூச்சு வாங்குவதுபோலவே எந்திரத்திற்கும் வாங்கும். கடல்மட்டத்துக் காற்றுக்கென்று அளவிடப்பட்ட பழைய எந்திரம் அவ்வளவு உயரத்தில் பெட்ரோலை முழுதும் எரிக்காமல் பாதி வெந்த சோறு போலக் கக்கிவிடும். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் எரியாத எண்ணெய் ஆவியும் மிகுவது அதனால்தான். இரண்டாவது, மலைகள் கிண்ணத்தின் விளிம்புபோல் நிற்பதால் காற்று வெளியேற வழியில்லை. குளிர்கால விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் கவிந்துகொள்ளும். வெயில் ஏறி அந்த மூடியைத் திறக்கும்வரை காலைப் புகை முழுதும் கிண்ணத்துக்குள்ளேயே கிடக்கும்.

இங்கே ஓசோனைப் பற்றியும் ஒரு சொல். மேல்வானத்தில் நம்மைக் காக்கும் ஓசோன் தரையருகே இருந்தால் கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் நஞ்சு. அது எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரே வருவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரியாத எண்ணெய் ஆவியும் வெயிலில் காய்ந்து கூடும்போது அது பிறக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தை மூடிய புகைப்படலத்தை ஆராய்ந்த ஹாகென்-ஸ்மிட் என்னும் அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் இதைக் கண்டு சொன்னார். காலையில் கார்கள் விட்ட புகை நண்பகலில் ஓசோனாகும். பள்ளிப் பிள்ளைகள் திடலில் ஓடியாடும் வேளையும் ஏறக்குறைய அதுவே.

சட்டம் வந்தது

1980-களின் இறுதியில் நகரத்தார் பொறுமை இழந்தனர். அரசாங்கம் 1989-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20-ஆம் நாள், திங்கட்கிழமை, ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ‘ஓய் நோ சிர்க்குலா’ என்பது அதன் பெயர். ‘இன்று ஓடாது’ என்பது பொருள். காரின் எண் தகட்டில் உள்ள கடைசி இலக்கத்தைக் கொண்டு ஓய்வு நாள் முடிவு செய்யப்பட்டது. 5, 6-இல் முடியும் கார்களுக்குத் திங்கள். 7, 8-க்குச் செவ்வாய். 3, 4-க்குப் புதன். 1, 2-க்கு வியாழன். 9, 0-க்கு வெள்ளி. நாளுக்கொரு நிறமும் வகுத்தனர்: மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று. கண்ணாடியில் ஒட்டிய வில்லையின் நிறத்தைக் கண்டே போலீஸ்காரர் இன்று இந்த வண்டி ஓடலாமா கூடாதா என்று அறிந்துகொள்வார். காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை தடை. மீறினால் தண்டம்; வண்டியையும் பிடித்துக் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள்.

இதைச் செய்தவர்கள் அறியாமையால் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். செலவில்லாத சட்டம், அடுத்த நாளே தொடங்கலாம், ஏழை பணக்காரன் என்ற வேறுபாடின்றி எல்லாரும் ஒரு நாள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நேர்மையும் அதில் தோன்றியது. முதலில் அந்தக் குளிர்காலத்திற்கு மட்டும் என்றுதான் கொண்டுவந்தனர். தொடக்க வாரங்களில் தெருக்களில் நெரிசல் குறைந்ததைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். அதனால் 1990-இல் அது நிலையான சட்டமாக்கப்பட்டது. கெடுதல் அங்கேதான் தொடங்கியது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

சில வாரத்துத் தடையென்றால் குடும்பத்தலைவர் எப்படியோ சமாளிப்பார். பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து போவார். சுரங்க ரயிலில் நெரிசலில் நிற்பார். ஒரு நாள் விடுப்பும் எடுப்பார். என்றென்றைக்கும் என்றால் வேறு வகையாகச் சிந்திப்பார். திங்கட்கிழமை ஓடாத காருக்குத் துணையாக வியாழக்கிழமை ஓடாத கார் ஒன்றை வாங்கினால் வாரம் முழுதும் கவலையில்லை அல்லவா? அப்படியே வாங்கினர். இரண்டாவது கார் ஆயிற்றே, அதற்குப் புதிது எதற்கு என்று பழையதாகவே வாங்கினர்.

என் கரும்பலகைக் கணக்கை இப்போது மறுபடியும் போட்டுப் பார்க்கலாம். ஒரு கார் உள்ள வீட்டில் சட்டத்திற்கு முன் அது வாரத்திற்கு 5 வேலை நாளும் ஓடியது. சட்டத்தை மதித்தால் 4 நாள். கடைசி இலக்கம் வேறான இரண்டாவது காரை வாங்கிவிட்டால் ஒவ்வொன்றும் 4 நாள் ஓடலாம், ஆக 8. முன்பு பஸ்ஸில் போன மனைவியோ மகனோ, வாசலில் சும்மா நிற்கும் காரை மூன்று நாளாவது எடுத்துக்கொண்டு போவது இயல்புதானே? 5 நாளை 4 நாளாகக் குறைக்க வந்த சட்டம் அந்த வீட்டில் 8 நாளுக்கு வழி திறந்துவிட்டது. இதற்கு ஐந்து வீட்டில் ஒரு வீடு இப்படிச் செய்தாலே போதும்: நான்கு வீடுகளில் மிச்சமான 4 கார்-நாள்களில் 3, அந்த ஒரு வீட்டில் கரைந்துவிடும். இவ்வளவும் எண்ணிக்கைக் கணக்கு. புகைக் கணக்கில் அந்தப் பழைய கார் புதிய காரைப்போலப் பன்மடங்கு விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘மற்றவை மாறாதிருக்க’ என்று கணக்குப் புத்தகங்கள் சொல்லாமல் சொல்லும் ஒரு நிபந்தனை உண்டு என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கணக்கு நடத்தியவர் அடிக்கடி நினைவூட்டுவார். கூலியாளும் கிணறும் வரும் கணக்குகளில் அது பொருந்தும். சட்டமும் மனிதரும் வரும் கணக்கில் மாறாதிருப்பது எதுவுமில்லை.

ஆராய்ந்தவர்கள் கண்டது

இது வெறும் ஊகமன்று. எஸ்கெலாண்ட், ஃபெய்சியோக்லு என்னும் இருவர் 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பெட்ரோல் விற்பனையையும் கார்ப் பதிவுகளையும் கொண்டு இதை எடைபோட்டது. சட்டத்திற்கு முன் மெக்சிக்கோ நகரம் ஆண்டொன்றுக்குச் சராசரி 74,000 பழைய கார்களை நாட்டின் பிற பகுதிகளுக்கு விற்றுவந்தது. தலைநகரத்துச் செல்வர் புதிது வாங்க, அவர் கழித்தது நாட்டுப்புறத்திற்குப் போவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். சட்டத்திற்குப் பின் அந்த ஓட்டம் திரும்பிவிட்டது. ஆண்டுக்கு 85,000 பழைய கார்கள் வெளியிலிருந்து தலைநகருக்குள் வந்தன. நாட்டின் மூலை முடுக்குகளில் சிதறிப் புகைய வேண்டிய கிழட்டு வண்டிகளைத் தேடிப்பிடித்து, மலை சூழ்ந்த அந்தக் கிண்ணத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது அச்சட்டம்! காற்றைக் கெடுப்பதற்கென்றே ஒரு திட்டம் தீட்டியிருந்தாலும் இதனினும் திறமாகத் தீட்டியிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

காற்றையே நேராக அளந்து பார்த்தவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் லூகஸ் டேவிஸ். நகரத்தின் பல இடங்களில் உள்ள அளவைக் கருவிகள் மணிக்கு மணி பதிந்த கணக்கை எடுத்து, சட்டத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2008-இல் அவர் தம் முடிவை வெளியிட்டார். கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, ஓசோன், கந்தக டையாக்சைடு முதலிய எதிலும் சட்டத்தால் காற்று மேம்பட்டதற்குச் சான்றில்லை. சுரங்க ரயிலிலோ பஸ்ஸிலோ பயணிகள் கூடியதற்கும் சான்றில்லை. கூடியவை கார்களின் எண்ணிக்கையும் அவற்றில் பழையனவற்றின் பங்குமே. மக்கள் டாக்சியையும் நாடினர். அக்காலத்து டாக்சிகளில் பெரும்பான்மை, முன்னிருக்கை ஒன்றைக் கழற்றிவிட்டுப் பயணிகளை ஏற்றிய வோக்ஸ்வாகன் ‘வண்டு’க் கார்கள். பார்ப்பதற்கு அழகு, புகைக்குப் பஞ்சமில்லை.

சிலி நாட்டு ஆராய்ச்சியாளர்களான கயேகோ, மொன்டேரோ, சாலாஸ் ஆகியோர் 2013-இல் இன்னும் நுணுக்கமான ஒன்றைக் காட்டினர். தொடக்கத் திங்கள்களில் கார்பன் மோனாக்சைடு உண்மையிலேயே குறைந்தது. ஓராண்டு முடிவதற்குள் பழைய நிலையையும் தாண்டி உயர்ந்தது. சட்டம் முதலில் வெற்றி பெற்றதாகத் தோன்றியதற்கும் பின்னர் தோற்றதற்கும் இதுவே விளக்கம். இரண்டாவது காருக்குப் பணம் சேர்க்கவும், நல்ல பேரத்தில் ஒன்றைத் தேடவும் மக்களுக்கு அவ்வளவு நாள் தேவைப்பட்டது. அதிகாரிகளோ முதல் சில வாரங்களைப் பார்த்துச் சட்டத்தை நிலையாக்கினர். பள்ளியில் புதிய விதி ஒன்று போட்ட முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பெருமைப்படாத தலைமையாசிரியர் உண்டா? நானும் பட்டதுண்டு.

சட்டம் வந்து இரண்டாண்டுக்கு மேல் சென்றபின், 1992 மார்ச்சில்தான், அந்நகரத்தில் ஓசோன் அதுவரை காணாத உச்சத்தை எட்டியது. அதே ஆண்டில் ஐக்கிய நாட்டு நிறுவனங்கள் உலகின் பெருநகரங்களை ஒப்பிட்டு வெளியிட்ட அறிக்கை மெக்சிக்கோ நகரத்தின் காற்றை மிகக் கேடுற்றவற்றுள் முன்வரிசையில் வைத்தது. 2008-இல் சனிக்கிழமைக்கும் தடையை நீட்டினர். டேவிஸ் 2017-இல் அதையும் அளந்து, அதனாலும் பயன் காணவில்லை என்றார்.

யாருக்குச் சுமை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரு நாள் என்ற நேர்மை ஏட்டில் மட்டுமே இருந்தது. இரண்டு கார் வாங்கத் திராணியுள்ளவர் எதையும் இழக்கவில்லை. ஒரே ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு காய்கறி விற்பவரோ, குழாய் பழுது பார்ப்பவரோ வாரத்தில் ஒரு நாள் கூலியை இழந்தார். பஸ்ஸில் போனவர் பழையபடி நெரிசலில் நின்றார். மூச்சுக்கு மட்டும் முன்னிலும் கெட்ட காற்று.

காற்றைத் தூய்மையாக்கியது எது?

அப்படியானால் மெக்சிக்கோ நகரம் இன்றும் 1992-இல் இருந்ததுபோலவே இருக்கிறதா என்றால், இல்லை. ஓசோனும் பிற நச்சுகளும் அக்காலத்து உச்சங்களிலிருந்து வெகுவாக இறங்கின. சில நாள்களில் பனிமலைகள் மறுபடியும் தெரிகின்றன. அதைச் செய்தவை வேறு நடவடிக்கைகள்.

1990-இல் ஈயம் சேராத பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எந்திரம் முட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலப்பது உலகெங்கும் பல்லாண்டு வழக்கமாக இருந்தது. அந்த ஈயம் புகையோடு வெளிவந்து குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்து மூளையின் வளர்ச்சியைத் தடுக்கும். கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு இதைவிடக் கொடிய நஞ்சு வேறில்லை. எவ்வளவு முயன்றும் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையை மந்தம் என்று தள்ளிய எத்தனை ஆசிரியர்கள், எத்தனை நாடுகளில், காற்றின் குற்றத்தைப் பிள்ளையின் தலையில் சுமத்தினார்களோ! மெக்சிக்கோவில் ஈயம் கலந்த பெட்ரோல் 1997-இல் முற்றிலும் நின்றது; குழந்தைகளின் இரத்தத்தில் ஈய அளவும் அதற்கேற்ப இறங்கியது.

ஈயமில்லாப் பெட்ரோல் வந்ததால் இன்னொரு வாயிலும் திறந்தது. புகையை வெளியேறும் வழியிலேயே தூய்மை செய்யும் வினையூக்கி மாற்றி என்னும் கருவி ஈயம் பட்டால் கெட்டுவிடும். ஈயம் போனபின் அக்கருவியைப் புதிய கார்கள் அனைத்திலும் பொருத்த வேண்டும் என்று 1991-இல் கட்டாயமாக்கினர். அதே ஆண்டு மார்ச் 18-இல், நகரத்தின் வடமேற்கே அஸ்காபொட்சால்கோவில் இருந்த பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை மூடினர். எண்ணெயில் கந்தகத்தைக் குறைத்தனர். கார்களின் புகையைக் குறித்த காலத்திற்கொரு முறை சோதிக்கும் ஏற்பாடும் வலுப்பட்டது. அதில் கையூட்டுக் கொடுத்துத் தப்பியவர் கதைகளும் பல உண்டு. 2005-இல் இன்சுர்ஹென்டெஸ் என்னும் நெடுஞ்சாலையில் தனித்தடத்தில் ஓடும் பெரிய பஸ்களை விட்டு, ஏராளமான பழைய சிற்றுந்துகளை அகற்றினர். இவையெல்லாம் செலவு பிடித்தவை, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்தவை. எண் தகட்டின் கடைசி இலக்கத்தைப் போல எளிதில் விளங்குபவையும் அல்ல. ஆகவே பெயர் முழுதும் ‘இன்று ஓடாது’ சட்டத்திற்கே போயிற்று.

அச்சட்டத்திலேயும் ஒரு நல்ல மாறுதல் பின்னாளில் நுழைந்தது. புகைச் சோதனையில் தேறிய தூய்மையான கார்களுக்குத் தடையிலிருந்து விலக்கு அளித்தனர். இதன் அருமையைச் சிலி நாட்டின் சந்தியாகோ நகரம் தெளிவாகக் காட்டுகிறது. அதுவும் மலை சூழ்ந்த நகரமே. அங்கே 1986 முதல் எண் தகட்டுத் தடை உண்டு. 1992-இல் அரசாங்கம் ஒரு திருத்தம் செய்தது: வினையூக்கி மாற்றி பொருத்திய புதிய கார்களுக்குத் தடையில்லை. உடனே மக்களின் கணக்கு மாறிவிட்டது. தடையிலிருந்து தப்புவதற்கு இரண்டாவது கிழட்டுக் கார் தேவையில்லை. ஒரே ஒரு தூய்மையான கார் போதும். பழைய கார்களின் விலை அந்நகரத்தில் சரிந்தது. புதியன விரைந்து இடம் பிடித்தன. மெக்சிக்கோவில் காற்றைக் கெடுத்த அதே மனித இயல்பு சந்தியாகோவில் காற்றுக்குத் துணை நின்றது.

நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரும் இவ்வரிசையில் வருகிறது. ஆயின் அங்கே முதல் நோக்கம் நெரிசலைக் குறைப்பதே தவிர, காற்றன்று. 1975-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் முதல், காலை நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி கட்டி உரிமச்சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்றனர். நான்கு பேராவது சேர்ந்து வரும் காருக்குக் கட்டணமில்லை. அங்கேயும் மனிதர் மனிதரே: தடை 9.30 மணிக்கு முடிந்தபோது, அதுவரை வெளியே காத்திருந்த கார்கள் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. சில வாரங்களிலேயே தடை நேரத்தை 10.15 வரை நீட்டினர். மக்கள் கண்டுபிடித்த சந்தை அரசாங்கம் உடனுக்குடன் அடைத்தது என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. 1998-இல் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது. அதற்கு முன்பே, 1990 முதல், புதிய கார் வாங்குவதற்கே ஏலத்தில் உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டதால், மெக்சிக்கோக்காரரைப்போல் மலிவாக இரண்டாவது காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தும் வழி சிங்கப்பூரில் இல்லை.

பெய்ஜிங்கும் இதே உண்மையைப் பட்டறிந்தது. 2008 ஒலிம்பிக் விளையாட்டின்போது ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் கார்களை மாற்றி மாற்றி ஓடவிட்டனர். தொழிற்சாலைகள் பலவற்றையும் மூடியதால் வானம் வெளுத்தது. விளையாட்டுக்குப்பின் வாரத்தில் ஒரு நாள் தடை நிலைபெற, கார்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. 2011-இல் புதிய எண் தகடுகளைக் குலுக்கலில்தான் தருவோம் என்று சொல்லவேண்டி வந்தது. டில்லியில் 2016 ஜனவரியில் 15 நாள் நடந்த ஒற்றை-இரட்டைத் தடை காற்றிலிருந்த நுண்துகளைச் சற்றுக் குறைத்ததாக ஆராய்ந்தோர் கூறினர். ஏப்ரலில் மறுபடி நடத்தியபோது அப்பயன் தென்படவில்லை. இரு சக்கர வண்டிகளுக்கும், தனியே கார் ஓட்டிச் செல்லும் பெண்களுக்கும் விலக்கு அளித்திருந்தனர். இரு சக்கர வண்டிகளின் பெருக்கம் டில்லியில் எத்தகையது என்பது அங்கே ஒருமுறை தெருவைக் கடந்தவருக்கும் தெரியும்.

மீண்டும் மெக்சிக்கோ

2015-ஆம் ஆண்டு மெக்சிக்கோவின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கூறியது. காரின் வயதை மட்டும் கொண்டு தடை விதிப்பது முறையன்று. புகைச் சோதனையில் தேறினால் பழைய காரும் ஓடலாம் என்பது அத்தீர்ப்பு. ஒரே பழைய காரை நம்பிப் பிழைப்பவருக்கு அது நீதியே. ஆனால் சோதனைச் சாவடிகள் நேர்மையாக நடந்தால்தான் அந்த நீதி காற்றுக்கும் நீதியாகும். பழைய கார்கள் பெருந்தொகையில் தெருவுக்குத் திரும்பின. 2016 மார்ச்சில் ஓசோன் ஏறி, பல ஆண்டுகளாகக் காணாத நெருக்கடி நிலையை அறிவிக்கவேண்டி வந்தது. அந்த ஏப்ரல் முதல் ஜூன் இறுதிவரை, தூய்மையான கார், பழைய கார் என்ற வேறுபாடின்றி எல்லாக் கார்களும் வாரத்தில் ஒரு நாள் ஓய வேண்டும் என்றனர். 1989-இன் சட்டமே திரும்பி வந்தது எனலாம். அந்த மூன்று திங்களுக்குள்ளும் நெருக்கடி நிலை மீண்டும் மீண்டும் அறிவிக்கப்பட்டது.

2019 மே திங்களில் காட்டுத்தீயின் புகை அப்பள்ளத்தாக்கை நிரப்பியது. மே 16, 17 ஆகிய நாள்களில் மெக்சிக்கோ நகரத்துப் பள்ளிகளை மூடினர். அதற்குப் பின் நான்கு திங்களில் எங்கள் பள்ளி மூடியதும் எங்கோ எரிந்த தீயின் புகையால்தான். கார்ப் புகையால் அன்று. அதை அந்த வகுப்புக்கு அன்றே தெளிவாகச் சொல்லாமல் காரைக் கொண்டுவந்து கணக்கில் நிறுத்தியது என் முதல் பிழை.

இரண்டாவது பிழையைத் திருத்த அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அதே கணக்கை வேறு வகையாகக் கொடுத்தேன். “உன் அப்பாவின் கார் வாரத்தில் ஒரு நாள் ஓடக்கூடாது என்றால் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? எழுதுக” என்றேன். விடை எண்ணாக வராது, வாக்கியமாகத்தான் வரும் என்று எதிர்பார்த்தேன். பாதிப் பேர், தோட்டத்திலிருந்து டவுனுக்குக் காலையில் ஒரே பஸ்தான் உண்டு என்றும், அதுவும் சில நாள் வராது என்றும் எழுதியிருந்தார்கள். மூவர், மாமாவின் காரை வாங்கிக்கொள்வோம் என்று எழுதியிருந்தனர். ஒரு பையன், “எங்களிடம் கார் இல்லை ஐயா, அதனால் எங்களுக்கு எல்லா நாளும் ஓடாத நாள்தான்” என்று எழுதி, கீழே விடை: 5 என்று கோடிட்டிருந்தான்.